பவுடர் போட்ட பிள்ளைகள்

என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டருகே இருந்த சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் கொஞ்சம் நீண்டாலும் என் வலது கால் தானாக ஆடத் தொடங்கிவிடும். அப்பா பிரசங்கியாரின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே என் முழங்காலில் கை வைத்து அமுக்குவார். வீட்டுக்கு வந்ததும், "சும்மா ஒரு நிமிஷம் உக்காரத் தெரியாதா உனக்கு?" என்பார். தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலை, அரசாங்க அலுவலகங்களின் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருப்பது. தொண்ணூறுகளின் நடுவில், குழந்தைகள் உரிமைக்காக அரசாங்கத்திடம் மல்லுக்கட்டும் ஒரு சின்ன அமைப்பில் சேர்ந்தேன். உரிமை என்ற சொல்லைக் கேட்டதும் ஊர்வலம், கோஷம், மேடை என்று ஏதேதோ கற்பனை செய்துகொண்டு போனேன். கிடைத்தது பெஞ்ச்தான். மூட்டைப்பூச்சி இருக்கிற பெஞ்ச், ஒரு கால் ஆடுகிற பெஞ்ச், மேலே ஃபேன் இருந்தும் சுற்றாத பெஞ்ச் என்று பெங்களூரில் எந்த ஆபீஸில் எது என்று எனக்கு அத்துப்படி. காலையில் போய் உட்கார்ந்தால் மத்தியானம் அழைத்து, "இன்றைக்கு ஆகாது, நாளைக்கு வாருங்கள்" என்பார்கள்.

அந்த வருடங்களில் பெங்களூரின் பழைய தெருக்களில் வீட்டுக் கதவுகளில் 'நாளே பா' என்று கன்னடத்தில் எழுதி வைத்திருப்பார்கள். நாளைக்கு வா என்று அர்த்தம். பேய் ஒன்று வீடு வீடாக வந்து கதவைத் தட்டுகிறது என்று ஒரு புரளி. கதவில் இருப்பதைப் படித்துவிட்டு அது திரும்பிப் போய்விடுமாம், மறுநாள் வந்து மறுபடியும் படித்துவிட்டுப் போகுமாம். எல்லாரும் அந்தப் பேய்க்குப் பயந்தார்கள். எனக்கு மட்டும் அதன் மேல் ஒரே பரிதாபம். நானும் அது மாதிரிதானே அலைந்துகொண்டிருந்தேன்.

என்னை அப்படி அலைய வைத்தது தொம்மலூரின் பழைய ஊருக்குள் இருந்த ஒரு பெண்பிள்ளை. சுற்றி ஆபீஸ் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகளில் நம் தமிழ் ஆட்கள் இருந்தார்கள். ஆண்களுக்குப் பெயிண்டிங், சென்ட்ரிங் வேலை. பெண்கள் இந்திராநகர் பங்களாக்களில் வீட்டு வேலைக்குப் போவார்கள். விடிவதற்குள் கிளம்பினால்தான் மூன்று நான்கு வீடுகளை முடித்துவிட்டுத் திரும்ப முடியும். கைக்குழந்தைகளை யாரிடம் விடுவது? மூத்த பெண்ணிடம். மூத்த பெண் பள்ளிக்கூடம் போக வேண்டாமா? அதை யாரும் கேட்கவில்லை. அந்தச் சந்துகளில் காலை பத்து மணிக்கு நடந்தால் ஒவ்வொரு வாசலிலும் ஒரு சின்னப் பெண், அவள் இடுப்பில் ஒரு பொடிசு.

நான் சொல்லும் பெண்ணுக்கு ஒன்பது வயதிருக்கும். அவளுடைய தம்பி பருமனான பிள்ளை, அவள் எடையில் பாதியாவது இருப்பான். அவனைச் சுமந்து சுமந்து அவள் நிற்கும் விதமே மாறிப்போயிருந்தது. இடது இடுப்பு வெளியே தள்ளி நிற்கும், வலது தோள் கீழே சரிந்திருக்கும். ஆனால் வாய் மட்டும் ஓயாது. என்னைப் பார்த்ததும், "அக்கா, எட்டாம் வாய்ப்பாடு சொல்லட்டா?" என்று ஆரம்பிப்பாள். எட்டோடு நின்றுபோனவள் அவள். மூன்றாம் வகுப்பில் அந்த வாய்ப்பாடு வரை நடந்தபோதுதான் தம்பி பிறந்தான்.

அவள் படித்த தமிழ் மீடியம் அரசுப் பள்ளியின் தலைமையாசிரியை கண்டிப்பானவர், ஆனால் கெட்டவரில்லை. வருடம் முழுக்க வராத பிள்ளையின் பெயரை எடுத்துவிட வேண்டும் என்பது விதி. அவர் எடுக்காமல் வைத்திருந்தார். "மறுபடி ஸ்கூல் திறந்து ஜூன் மாசம் முடியறதுக்குள்ள அவளைக் கொண்டாந்து கிளாஸ்ல உக்கார வை. அதுக்கு மேல என்னால தாங்கிப் பிடிக்க முடியாதும்மா" என்று என்னிடம் சொன்னார். ஜூன் தாண்டினால் அவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அவள் பள்ளிக்கூடம் போக வேண்டுமானால் தம்பியை வைத்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும். எங்களுக்குத் தேவைப்பட்டது ஓர் அங்கன்வாடி, அவ்வளவுதான்.

இடம்கூட இருந்தது. சந்தின் முனையில் மாநகராட்சியின் பழைய படிப்பக அறை ஒன்று பூட்டிக் கிடந்தது. உள்ளே ஓட்டைக் குழாய்களும் துடைப்பங்களும். சாவி மாநகராட்சி இன்ஜினியரிடம். குழந்தைகள் நலத்தைப் பார்க்கும் துறையில் போய்க் கேட்டால், "அறை கிடைத்தால் அங்கன்வாடி தருகிறோம்" என்றார்கள். இன்ஜினியரிடம் போனால், "துறையிலிருந்து அங்கன்வாடி உத்தரவு வந்தால் அறையைத் தருகிறேன்" என்றார். இந்த ஆபீஸுக்கும் அந்த ஆபீஸுக்கும் நடந்து நடந்து என் செருப்பின் வார் அறுந்தது. தைத்துக்கொண்டு மறுபடியும் நடந்தேன். உட்கார்ந்திருப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

கோடை தொடங்கியபோது எங்கள் அமைப்பின் டைரக்டர் ஒரு யோசனை சொன்னார். மைசூர்ப் பக்கத்துக்காரர், நல்ல மனுஷர், அரசாங்கம் எப்படி நகரும் என்று தனக்குத் தெரியும் என்ற நம்பிக்கை உள்ளவர். அமைச்சர் ஒருவர் தன் வீட்டில் காலை நேரத்தில் பொதுமக்களைச் சந்திப்பார், தாய்மார்களையும் பிள்ளைகளையும் நேரே அங்கே கொண்டுபோய் நிறுத்தலாம் என்றார். "பேப்பரில் எழுதினால் பார்க்க மாட்டார்கள். பிள்ளைகளைக் கண்ணால் பார்த்தால் மனசு இளகும்" என்றார். எனக்கும் சரியென்றே பட்டது. தாய்மார்கள் அரை நாள் வேலைக்கு லீவு சொல்ல ஒப்புக்கொண்டார்கள்.

அன்று காலை தொம்மலூர் பஸ் ஸ்டாப்பில் அவர்களைப் பார்த்ததும் ஒரு கணம் யாரோ என்று நினைத்துவிட்டேன். எல்லாருமே குளித்து, எண்ணெய் வைத்து வழித்துச் சீவியிருந்தார்கள். பெண்பிள்ளைகளின் பின்னலில் கனகாம்பரம். போன தீபாவளிக்கு எடுத்த ஃபிராக், மடிப்புக் கலையாமல். கைக்குழந்தைகளுக்கு அந்த வெயிலிலும் கம்பளித் தொப்பியும் ஸ்வெட்டரும். எல்லா முகத்திலும் அப்பியிருந்த பவுடருக்கு நடுவே கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. வாய்ப்பாட்டுக்காரி பக்கத்து வீட்டில் பட்டுப் பாவாடை இரவல் வாங்கிக் கட்டியிருந்தாள். அவளுக்கு நீளம் அதிகம், இடுப்பில் தம்பி வேறு, தூக்கிப் பிடிக்கக் கை இல்லாமல் தடுக்கித் தடுக்கி வந்தாள். கல்யாண வீட்டுக்குக் கிளம்பிய கூட்டம் என்றுதான் யாரும் சொல்வார்கள். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

அமைச்சர் வீட்டு வாசலில் வெயில் ஏறும்வரை நின்றோம். நான் கேட்டுக்கும் மாமரத்துக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தேன். தாய்மார்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். "இன்னாத்துக்குமா இப்டி சுத்தினு இருக்க? தல சுத்துது எங்களுக்கு" என்றாள் வாய்ப்பாட்டுக்காரியின் அம்மா. அவளுக்கு என்னைவிட ஐந்தாறு வயதுதான் கூட இருக்கும். மெலிந்த உடம்பு, வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று பேச்சு. காவிரிக் கலவரத்தில் வீட்டுக் கூரையைப் பிய்த்தபோது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவள். அதற்குப் பிறகு வெளியே வந்தால் கன்னடம்தான் பேசுவது என்று வைத்திருந்தாள். நல்ல கன்னடம். அமைச்சரிடம் அவள்தான் பேசுவதாக ஏற்பாடு.

அவளை வாயைத் திறக்கவே விடவில்லை. அமைச்சர் வெள்ளைச் சட்டையில் வெளியே வந்தார், பிள்ளைகளைப் பார்த்தார், முகம் மலர்ந்துவிட்டது. ஒரு குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினார். "எல்லா சென்னாகித்தாரல்லா!" என்றார். எல்லாரும் நன்றாகத்தானே இருக்கிறார்கள் என்று. பக்கத்திலிருந்த உதவியாளர் ஆமாம் சார் என்றார். எங்கள் டைரக்டர் மனுவை நீட்டி விளக்கினார். அமைச்சர் அதை வாங்கி உதவியாளரிடம் கொடுத்துக்கொண்டே, ரொம்பக் கஷ்டப்படுகிற இடங்கள் நிறைய இருக்கின்றன, அவற்றை முதலில் பார்த்துவிட்டுக் கட்டாயம் இதற்கும் வருவோம் என்று கன்னடத்தில் சொன்னார். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பிஸ்கட் பாக்கெட் கொடுக்கச் சொன்னார். முடிந்தது. திரும்பும் பஸ்ஸில் பிள்ளைகள் ஒரே குஷி. பெரியவர்கள் பாக்கெட்டுகளைப் பிரித்துக் கொடுத்தபடி வந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து டைரக்டர் என்னையும் அழைத்துக்கொண்டு தொம்மலூருக்குப் போனார். பத்திரிகைக்காரர் ஒருவர் படம் எடுக்க வருவதாக இருந்தது. டைரக்டர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொல்ல வேண்டும். முதலில் போராட்டம், பொறுமை என்று பொதுவாகப் பேசினார். பிறகு, பிள்ளைகள் தினமும் எப்படி இருக்கிறார்களோ அப்படியே இருக்கட்டும், படத்துக்காகத் தயார் செய்ய வேண்டாம் என்றார். நான் சுற்றி வளைக்கத் தெரியாதவள். "நாளைக்குப் பிள்ளைங்கள குளிப்பாட்ட வேணாம்ங்கறாரு" என்று போட்டு உடைத்துவிட்டேன்.

குழாயடியில் குடம் நிரம்பி வழிந்தது. யாரும் அதை எடுக்கவில்லை.

"சாருக்குப் புள்ளைங்க இருக்குதா?" என்று கேட்டாள் அந்தப் பெண்ணின் அம்மா.

"ரெண்டு பேர் இருக்காங்க."

"அவரு வூட்ல குளிப்பாட்டாமதான் வெளிய அனுப்புறாங்களா, கேளு."

கேட்க வேண்டியிருக்கவில்லை. டைரக்டருக்கு அந்த அளவுக்குத் தமிழ் புரியும். அவர் காது மடல் சிவந்தது.

"எங்களுக்குத் தண்ணி வர்றதே ஒரு நாள் வுட்டு ஒரு நாளு" என்று அவள் என்னைப் பார்த்தே பேசினாள். "அந்தத் தண்ணியில தேச்சுத் தேச்சுக் குளிப்பாட்டி இட்டுனு வந்தேன். பெரிய மனுஷன் வூட்டுக்குப் போறோம்னு இட்டுனு வந்தேன். அது உங்களுக்குக் குத்தமா பூட்ச்சா? கஷ்டம் இல்லன்னு யாரு சொன்னாங்க? இருக்குது. அத்த மூஞ்சில பூசிக்கினு போயி நின்னாதான் கண்ணு தெரியுமா அவங்களுக்கு?"

எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. கோபம் யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. அமைச்சர் மேலா, டைரக்டர் மேலா, அல்லது அவள் மேலேயேவா? அவளுடைய மானம் எனக்குப் புரிந்தது. ஆனால் ஜூன் வந்துகொண்டிருந்தது. அந்த மானத்துக்கு விலையாக அவள் மகளின் படிப்பு போய்விடுமோ என்று பயமாக இருந்தது. டைரக்டர் அன்றே பத்திரிகைக்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதற்கு மேல் என்ன செய்வதென்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. நான் மறுபடியும் பெஞ்சுக்குப் போனேன்.

பள்ளிக்கூடம் திறந்தது. ஜூன் பாதி போனது. தினமும் சாயங்காலம் தூறல். ஒரு நாள் நான் துறை ஆபீஸிலிருந்து வழக்கம்போல வெறுங்கையோடு வந்து சந்தில் நின்று புலம்பிக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்.

"அந்த ஆபீஸ் போர்டுல இன்னா எழுதியிருக்குதுன்னு சொன்ன நீ?"

"குழந்தைகள் நலத் திட்ட அலுவலகம்."

"நலம்னா?"

"பிள்ளைங்கள நல்லாப் பாத்துக்கறது."

"அப்பப் பாத்துக்கட்டும்" என்றாள். "நாங்க வேலைக்குப் போற வழியிலதான அது கீது? போறப்ப வுட்டுட்டுப் போறோம். வர்றப்ப கூட்டினு வர்றோம். போர்டுல எழுதி வெச்சிட்டா செய்யணுமில்ல?"

முதலில் எல்லாரும் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. டைரக்டரிடம் சொன்னபோது, பிள்ளைகளைக் கைவிட்டதாக வழக்குப் போடுவார்கள், அமைப்பையே மூட வேண்டி வரும் என்று தலையில் கை வைத்துக்கொண்டார். பிள்ளைகளோடு நான் இருக்கிறேன், வேலைக்கு லீவு போட்டு இரண்டு தாய்மார்கள் இருக்கிறார்கள், கைவிட்டதாக எப்படி ஆகும் என்று கேட்டேன். கடைசியில், "எனக்குத் தெரியாது, நான் ஊரில் இல்லை" என்று சொல்லிவிட்டு நிஜமாகவே மைசூருக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

அவர் போன மறுநாள் விடிந்ததும் அந்த ஆபீஸ் வாசலில் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். மறுபடியும் எண்ணெய், பவுடர், கனகாம்பரம், தொப்பி. ஒவ்வொரு பிள்ளையோடும் ஒரு டிபன் டப்பா, மாற்றுத் துணி ஒரு பை. எப்படி வேண்டுமானாலும் வரட்டும் என்று இருந்தேன்.

கதவைத் திறக்க வந்த அட்டெண்டர் எங்களைப் பார்த்ததும் அவசர அவசரமாகச் சட்டையைச் சரிசெய்துகொண்டார். "ஃபங்ஷனா? எங்கிட்ட யாரும் சொல்லவே இல்லியே!" என்று கன்னடத்தில் பதறினார். பவுடரையும் பூவையும் பார்த்து, ஏதோ குழந்தைகள் விழா, பெரிய ஆள் யாரோ வருகிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டார். நான் பதில் சொல்வதற்குள் உள்ளே ஓடிப்போய்ப் பெரிய ஜமுக்காளத்தை எடுத்துவந்து ஹாலில் விரித்தார். ஃபேனைப் போட்டார். குடிதண்ணீர்ப் பானையைக் கழுவி நிரப்பினார். அழுக்குத் துணியோடு போயிருந்தால் கேட்டிலேயே விரட்டியிருப்பார். அன்று மட்டும் நேரம் கழித்து வருவதாக வேலை வீடுகளில் சொல்லி வைத்திருந்த மற்றத் தாய்மார்கள் பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டு, "நாலு மணிக்கு வந்துர்றோம்" என்று என்னிடம் சொல்லிவிட்டு இந்திராநகர்ப் பக்கம் விறுவிறுவென்று நடந்தார்கள்.

அதிகாரி பத்து மணிக்கு மேல் வந்தார். நாற்பது வயதுப் பெண்மணி, காட்டன் புடவை, தோளில் ஒரு கனத்த பை. பல மாதங்களாக என்னை 'நாளைக்கு வா' என்று திருப்பி அனுப்பியவர் அவர்தான். ஹால் நிறையப் பிள்ளைகள் இட்லி தின்றுகொண்டிருந்தார்கள். ஒன்று ஜமுக்காளத்தை நனைத்துவிட்டு அதிலேயே தட்டி விளையாடிக்கொண்டிருந்தது. "ஏனிது?" என்று கேட்டார். என்ன இது என்று. நான் எழுந்து நின்று விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு முதலில் புரியவில்லை, புரிந்ததும் கத்தினார். போலீஸைக் கூப்பிடுவேன் என்றார். கூப்பிடுங்கள் மேடம், அவர்களும் வந்தால் இந்தப் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது என்றுதான் கேட்பார்கள், எனக்கும் அதே கேள்விதான் என்றேன். பயம் வெளியே தெரியாமல் இருக்க அதிகம் சத்தமாகப் பேசினேன் போல, இரண்டு குழந்தைகள் அழ ஆரம்பித்தன.

வாய்ப்பாட்டுக்காரியும் வந்திருந்தாள். அன்று அவள் பள்ளிக்குப் போயிருக்க வேண்டும், நான் அப்படித்தான் சொல்லியிருந்தேன். தம்பியை விட்டுவிட்டுப் போகமாட்டேன் என்று அம்மாவின் பின்னாலேயே வந்து உட்கார்ந்துகொண்டாள். அவளிடம் ஒன்றே ஒன்று சொல்லி வைத்தேன். "இன்னிக்கு மட்டும் அவனை நீ தூக்கக் கூடாது. அழுதாலும் தூக்கக் கூடாது. நீ தூக்கிட்டா இவங்க பாட்டுக்கு நிம்மதியா ஃபைல் பாப்பாங்க." அவள் தலையாட்டினாள். இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

மத்தியானத்துக்கு மேல் தம்பி அழ ஆரம்பித்தான். லீவு போட்டிருந்த தாய்மார்கள் மாற்றி மாற்றி எடுத்துப் பார்த்தார்கள். நெளிந்து நெளிந்து கீழே இறங்கினான், அக்காவை நோக்கித் தவழ்ந்தான். அவள் கை தொடைக்கடியிலிருந்து வெளியே வந்துவிட்டது. நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். அவள் இழுத்தாள். நான் விடவில்லை. "அக்கா, உடுக்கா, அவனுக்கு மூச்சு முட்டும்க்கா" என்றாள். "உக்காரு" என்றேன். "சும்மா உக்காரு." அப்பாவின் வார்த்தை. ஒரு குழந்தையின் உரிமைக்காக அந்தக் குழந்தையின் கையையே முறுக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு என்மேலேயே வெறுப்பாக இருந்தது, ஆனாலும் விடவில்லை. அவள் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. அமைச்சர் வீட்டு வாசலில் நான் மாமரத்துக்கும் கேட்டுக்கும் நடுவே நடந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை, அந்தச் சில நிமிஷம் உட்கார்ந்திருந்ததுதான் என் வாழ்க்கையிலேயே கடினமாக உட்கார்ந்தது.

அதிகாரி தன் அறைக் கதவை மூடிப் பார்த்தார். அழுகை கதவைத் தாண்டிப் போயிற்று. திறந்துகொண்டு வெளியே வந்தார். தம்பி ஜமுக்காளத்தின் ஓரத்தில் முகம் சிவக்கக் கிடந்தான். பவுடரெல்லாம் கண்ணீரில் கரைந்து வரி வரியாக இருந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் என்னைக் கொன்றுவிடலாம் போல இருந்தது. பிறகு குனிந்து அவனைத் தூக்கினார். தோளில் போட்டுத் தட்டினார். அவன் அவருடைய புடவையில் வாந்தி எடுத்தான். அவர் கீழே விடவில்லை. அவனைத் தூக்கிக்கொண்டே உள்ளே போய் ஃபோனைச் சுற்றினார். கதவு திறந்தே இருந்ததால் எங்களுக்கு எல்லாம் கேட்டது. மாநகராட்சி இன்ஜினியரிடம் பேசினார். படிப்பக அறையின் சாவி வேண்டும் என்றார். அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள்.

"நாளைக்கா?" என்று கத்தினார் அதிகாரி. குழந்தை வீறிட்டது. ரிசீவரை அவன் வாய்ப் பக்கம் கொண்டுபோய்ப் பிடித்தார். பிறகு தன் காதில் வைத்துக்கொண்டு, "கேட்டுதா? நாளைக்குன்னா நாளைக்கும் இவங்க எல்லாரும் இங்கேதான் வருவாங்க. உத்தரவு பின்னால வரும், சாவியை இன்னைக்கே அனுப்புங்க" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு ஃபோனை வைத்தார். ஹாலில் யாரும் கைதட்டவில்லை. அட்டெண்டர் மட்டும், விழா முடிந்துவிட்டதா என்பது போல என்னைப் பார்த்தார். நான் அந்தப் பெண்ணின் மணிக்கட்டை விட்டேன். என் விரல்களின் தடம் அதில் பதிந்திருந்தது. அவள் எழுந்து ஓடிப்போய் அதிகாரியின் தோளிலிருந்து தம்பியை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவன் அந்த நொடியே அடங்கினான்.

சாவி அன்றைக்கு வரவில்லை, இரண்டு நாள் ஆயிற்று. தாய்மார்கள் ஓட்டைக் குழாய்களைத் தெருவில் எடுத்துப் போட்டுவிட்டு அறையைக் கழுவினார்கள். பக்கத்துப் பகுதி அங்கன்வாடியிலிருந்து ஓர் ஆயாவைத் தற்காலிகமாக அனுப்பினார்கள். முறையான உத்தரவு அடுத்த வருடம்தான் வந்தது. அதற்கும் நான் பெஞ்சில் உட்கார வேண்டியிருந்தது. அறையைத் திறந்த அன்று டைரக்டர் லட்டு வாங்கிக்கொண்டு வந்தார். அந்தப் பெண்ணின் அம்மா ஒன்றை எடுத்துப் பாதியைப் பிட்டு அவர் கையிலேயே வைத்து, "நீங்களும் சாப்டுங்க சார்" என்றாள். அத்தோடு அந்தச் சண்டை தீர்ந்தது.

ஜூனின் கடைசி வாரத்தில் ஒரு காலை, தம்பியை ஆயாவிடம் கொடுத்துவிட்டு அந்தப் பெண்ணைப் பள்ளிக்கு அழைத்துப் போனேன். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். கூடப் படித்தவர்கள் எல்லாரும் ஐந்தாம் வகுப்புக்குப் போய்விட்டார்கள். அவள் மட்டும் மூன்றாம் வகுப்பில், தன் தோள் உயரம்கூட இல்லாத பிள்ளைகளோடு உட்கார வேண்டும். தலைமையாசிரியையே அன்று அந்த வகுப்பை எடுத்தார். நான் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டேன். உள்ளே நாற்காலி இருந்தது, உட்காரச் சொன்னார்கள். என்னால் முடியவில்லை.

பெயர் கூப்பிட்டார்கள். அவள் முறை வந்ததும் எழுந்து நின்று, "உள்ளேன் டீச்சர்" என்றாள். இடது இடுப்பு வெளியே தள்ளியிருந்தது. வலது தோள் சரிந்திருந்தது. இடது கை அரைவட்டமாக வளைந்து, ஒன்றுமில்லாத இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. பின்னாலிருந்த பொடிசுகள் சிரித்தன.

தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "நேரா நில்லு" என்றார்.

அவள் தன்னை ஒரு தரம் குனிந்து பார்த்துக்கொண்டாள். பாவாடையை இழுத்துவிட்டாள், காலைச் சேர்த்து வைத்தாள். இடுப்பு அங்கேயேதான் இருந்தது.

"நேராத்தான் டீச்சர் நிக்கறேன்" என்றாள்.